முதலை வீட்டுக்குப் போய் என்ன சொன்னது?

குரங்கும் முதலையும் கதையை இரண்டாம் வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை. முன்பெல்லாம் சொல்லி முடித்ததும் தவறாமல் ஒரு கேள்வி போடுவேன்: "இந்தக் கதையிலிருந்து என்ன தெரிஞ்சுக்கிட்டீங்க?" பிள்ளைகளும் "கூடா நட்பு கேடாய் முடியும்" என்று கோரஸாகச் சொல்வார்கள். எனக்கும் திருப்தி. அப்புறம் அடுத்த பாடம்.

ஒரு நாள் கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் கோரஸில் சேரவில்லை. எழுந்து நின்று, "பொய் சொன்னா தப்பிச்சுக்கலாம் டீச்சர்" என்றான். வகுப்பே சிரித்தது. நான் "உட்காரு" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. குரங்கு பிழைத்ததே, "இதயத்தை மரத்திலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேனே" என்ற பொய்யால்தானே? கதையைக் காது கொடுத்துக் கேட்டவன் அவன். மற்றவர்கள் டீச்சருக்கு என்ன பதில் வேண்டும் என்பதைக் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

பிரெஞ்சு மொழியில் எழுதிய சிந்தனையாளர் ரூசோவுக்கும் இந்தச் சந்தேகம் இருந்திருக்கிறது. 1762-ல் வெளிவந்த, குழந்தை வளர்ப்பும் கல்வியும் பற்றிய 'எமில்' நூலில் காக்கா நரி கதையை எடுத்துக்கொண்டு, பிள்ளைகள் ஏமாந்த காக்காவைப் பார்த்துச் சிரிப்பார்கள், நரி பக்கம்தான் போய்ச் சேருவார்கள் என்று எழுதினார். ஆகவே சிறு பிள்ளைகளுக்கு இந்த மாதிரிக் கதைகளே வேண்டாம் என்பது அவர் கட்சி. அங்கேதான் எனக்கு ஒத்துவரவில்லை. கதை இருக்கட்டும். கடைசியில் தடித்த எழுத்தில் "நீதி" என்று ஒட்டுகிறார்களே, அந்த வாலை நறுக்கிவிடலாம் என்கிறேன்.

அந்த வால் கதையோடு பிறந்ததும் இல்லை. புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் ஜாதகக் கதை ஒன்றில் இந்த இருவருக்கும் நட்பே கிடையாது. அக்கரையில் நல்ல பழம் இருக்கிறது என்று ஆசை காட்டிக் குரங்கை முதுகில் ஏற்றுகிறது முதலை. வெறும் வேட்டை. நாவல் மரத்தடியில் பழம் தின்று பேசிப் பழகிய சிநேகம் பஞ்சதந்திரத்தில் வருகிறது. கொரியாவிலோ முதலை ஆமையாகிவிடும், குரங்கு முயலாகிவிடும், இதயம் ஈரலாகிவிடும். கடலுக்கடியில் டிராகன் அரசனின் அரண்மனையில் அந்த ஈரல்தான் மருந்து. அங்கே ஆமை துரோகி அல்ல, அரசன் சொல் தட்டாத சேவகன். இதில் எதன் அடியில் போய்க் "கூடா நட்பு" என்று எழுதுவது?

இப்போது கதை முடிந்ததும் வாயை மூடிக்கொண்டு நிற்கிறேன். கஷ்டம்தான், வாத்தியார் வாய்க்கு அது பழக்கமே இல்லை. நடு ஆற்றில் முதலை உண்மையைச் சொல்லும் இடத்தில் மட்டும் குரலைத் தாழ்த்தி நிறுத்துவேன். முன்வரிசையில் ஒரு குழந்தை மெதுவாகத் தன் இரண்டு காலையும் பெஞ்சின் மேல் தூக்கி வைத்துக்கொள்ளும், கீழே தண்ணீர் ஓடுகிற மாதிரி. அதைப் பார்த்த பிறகு எனக்கு நீதி கேட்க மனசு வருவதில்லை. "பரீட்சையில் கேட்கிறார்களே" என்பீர்கள். சரி, அதற்கு வேறொரு நாளில் ஐந்து நிமிடம் ஒதுக்கிக்கொள்ளலாம்.

போன முறை அப்படிச் சும்மா நின்றபோது ஒரு பெண் குழந்தை கேட்டாள்: "முதலை வீட்டுக்குப் போய் அதோட பொண்டாட்டிகிட்ட என்ன சொல்லுச்சு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று சமாளித்துவிட்டு, வீட்டுக்கு வந்து பஞ்சதந்திரத்தின் முழு மொழிபெயர்ப்பைப் புரட்டினேன். சிறுவர் புத்தகங்கள் குரங்கு மரத்தில் தாவி ஏறியதோடு நிறுத்திவிடுகின்றன. மூலத்தில் இந்தக் கதைதான் ஐந்து தந்திரங்களில் நான்காவதற்கே சட்டகம், அதாவது மற்றக் கதைகளெல்லாம் இதற்குள்ளேதான் வருகின்றன. குரங்கு தப்பிய பிறகும் நீண்டுகொண்டே போகிறது. முதலை கீழே இருந்து கெஞ்சுகிறது. குரங்கு மேலே இருந்தபடியே கதைமேல் கதையாகச் சொல்லி அதைச் சாடுகிறது. நடுவில் சேதி வருகிறது: குரங்கின் இதயம் வேண்டும் என்று பட்டினி கிடந்த மனைவி செத்துப்போய்விட்டாள். முதலை புலம்புகிறது.

மறுநாள் அதையும் சொன்னேன். சாவை மறைக்கவில்லை. வகுப்பில் சத்தமே இல்லை.

"அப்ப குரங்கு கீழே இறங்கி வந்துச்சா டீச்சர்?" என்றாள்.

"இல்லம்மா, மரத்துல உட்கார்ந்துதான் பேசுச்சு."

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டாள்: "ஆனா பேசுச்சுல்ல?"