மறுநாள் தொடைவலிக்கு லாக்டிக் அமிலமா காரணம்?

மலைப்பாதை ஓட்டத்துக்குப் பயிற்சி எடுப்பவர்களிடையே ஒரு தகவல் சுற்றுகிறது: "ஓடிய மறுநாள் தொடை வலித்தால் தசையில் லாக்டிக் அமிலம் தேங்கிவிட்டது. எலுமிச்சைச் சாறு குடித்தால் கரைந்துவிடும்." இது தவறு.

ஓடும்போது இரத்தத்தில் ஏறும் லாக்டேட் (உடலில் லாக்டிக் அமிலம் இருக்கும் வடிவம்), ஓட்டம் நின்று சுமார் ஒரு மணி நேரத்தில் பழைய அளவுக்கு இறங்கிவிடும். வலியோ மறுநாள்தான் தலைகாட்டுகிறது. ஊரைவிட்டே போனவன்மேல் பழி போடுவது போலத்தான் இது.

1983-இல் வெளியான ஓர் ஆய்வில் டிரெட்மில்லில் 45 நிமிடம் ஓடவிட்டுப் பார்த்தார்கள். சமதளத்தில் ஓடியபோது லாக்டேட் ஏறியது, மறுநாள் வலி இல்லை. 10 சதவீத இறக்கத்தில் லாக்டேட் ஏறவில்லை, ஆனால் வலி வந்தது.

வெள்ளியங்கிரி போய் வந்தவர்களுக்கு இது புரியும். ஏறும்போது மூச்சு வாங்கும், சரி. இறங்கும்போதுதான் கால் வெடவெடவென நடுங்கும். மறுநாள் மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்தபடி பக்கவாட்டில் இறங்க வேண்டியிருக்கும். இறக்கத்தில் முன்தொடைத் தசை நீண்டுகொண்டே உடல் எடைக்கு பிரேக் போடுகிறது. அதில் தசை இழைகளில் ஏற்படும் நுண்ணிய சேதத்தின் பின்விளைவே வலி. தடை ஓட்டத்தில் சுவரிலிருந்து குதிப்பதும் இதே கணக்குதான்.

எலுமிச்சைச் சாறு தாகத்துக்கு நல்லது, குடியுங்கள். பயிற்சியில் இறக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதலில் கொஞ்சம், அப்புறம் கூட்டலாம். ஒருமுறை பழகிய தசை அடுத்த சில வாரங்களுக்கு அவ்வளவு வலிக்காது. கடும் வலியோடு சிறுநீர் கோலா நிறத்தில் போனால் மட்டும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.