இந்த மாதம் என் கூரைக்கு மேலே என்ன தெரியும்?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜனவரி இரவில், இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் எங்கள் வீட்டுப் பின்புறத் தோட்டத்தில், பழையதாக வாங்கிய ஐந்து அங்குலத் தொலைநோக்கியை ஓரியன் நெபுலா என்ற வாயு மேகத்தின் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, அப்போது ஒன்பது வயதாகியிருந்த மகளைக் கூப்பிட்டேன். கையுறையைக் கழற்றி, ஒரு கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, "இவ்வளவுதானாப்பா? டீவில சிவப்பா, பூ மாதிரி இருந்துச்சே" என்றாள். அவள் கண்டது, குளிர்ந்த கண்ணாடியில் ஊதிய மூச்சைப் போன்ற ஒரு சாம்பல் நிற மங்கல். நெபுலா நம் கண்ணுக்கு அப்படித்தான் தெரியும். விழித்திரையில் நிறம் அறியும் கூம்புச் செல்கள் அவ்வளவு மங்கிய ஒளியில் வேலை செய்வதில்லை. கேமராவோ நிமிடக்கணக்கில், சில சமயம் மணிக்கணக்கில் ஒளியைச் சேர்த்து வைத்து நிறத்தைக் காட்டுகிறது. இதை அவளுக்கு விளக்க எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அந்த ஒரு நிமிடத்தை, நாங்கள் இருவரும் சோபாவில் உட்கார்ந்து பார்த்த வானியல் நிகழ்ச்சிகளில் ஒன்றாவது எங்களுக்குத் தந்ததாக நினைவில்லை.

தொலைக்காட்சி வானியலின் மேல் எனக்குள்ள மனக்குறை முழுவதும் அந்த ஒரு நிமிடத்தில் அடங்கிவிடும். புதிதாக வானம் பார்க்க வருகிறவர் கேட்பது ஒரே ஒரு கேள்வி: இந்த மாதம், நான் நிற்கும் இடத்திலிருந்து, என் கண்ணுக்கு என்ன தெரியும்? இதற்கு விடை சொல்லும் நிகழ்ச்சி எவ்வளவு எளிமையாக எடுக்கப்பட்டிருந்தாலும் அவருக்குப் பயன்படும். சொல்லாத நிகழ்ச்சி வேறு எத்தனையோ வகையில் சிறந்ததாக இருக்கலாம். அவர் மறுநாள் இரவு கதவைத் திறந்துகொண்டு வெளியே போய் நிற்கும்போது அது கூட வராது.

பிபிசியின் 'தி ஸ்கை அட் நைட்' இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்கியது என்பது என் எண்ணம். முதல் நிகழ்ச்சி 1957 ஏப்ரல் 24 அன்று ஒளிபரப்பானது. அதில் பேசப்பட்ட பொருள்களில் முதன்மையானது அரெண்ட்-ரோலாண்ட் வால்வெள்ளி. அந்த வாரங்களில் பிரிட்டனின் வானத்தில் வெறுங்கண்ணுக்கே தெரிந்துகொண்டிருந்த பொருள். அன்று தொடங்கி 2012 டிசம்பரில் இறக்கும் வரை, ஐம்பத்தைந்து ஆண்டுகள், மாதம் தவறாமல் அதை நடத்தியவர் பாட்ரிக் மூர். 2004 ஜூலையில் உணவு நஞ்சாகிப் படுத்துவிட்டதால் அவர் விட்டது ஒரே ஒரு மாதம். பல்கலைக்கழகத்தில் படித்து வாங்கிய பட்டம் அவருக்குக் கிடையாது. செல்சி என்ற கடற்கரை ஊரில், வீட்டுத் தோட்டத்தில் தொலைநோக்கிகளை நிறுத்தி, நிலவின் மேற்பரப்பை ஆண்டுக்கணக்கில் வரைபடமாக்கிய பொழுதுபோக்கு வானியலாளர் அவர்.

நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில், ஞாயிற்றுக்கிழமை நள்ளிரவை ஒட்டிய நேரத்தில், வேறு எதையோ தேடிக்கொண்டிருந்தபோது தற்செயலாக அவர் நிகழ்ச்சியில் போய் விழுந்தேன். ஒற்றைக் கண்ணாடியை ஒரு கண்ணில் செருகிக்கொண்டு, மூச்சு விடாமல் பேசும் அந்தக் கிழவரின் ஆங்கிலம் எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆனாலும் ஒன்று தெளிவாகத் தெரிந்தது: இந்த மனிதர் நேற்று இரவு வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்து பேசுகிறார். புதியவர்களுக்காக அவர் கடினமான பெயர்களை விலக்கவில்லை. நிலவின் பள்ளங்களைச் சொந்தக்காரர்களின் பெயர்களைப் போல அடுக்கிக்கொண்டே போனார். புதியவருக்குச் சொல்வதென்றால் எல்லாவற்றையும் குழைத்துத்தான் ஊட்ட வேண்டும் என்று இப்போதைய தயாரிப்பாளர்கள் நினைப்பது தவறு என்று நான் சொல்வதற்குக் காரணம் அவர்தான். பெயர் கடினமாக இருந்தால் பரவாயில்லை. எந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பது புரிந்தால் போதும்.

அந்த நிகழ்ச்சி செய்தவற்றில் எனக்கு மிகவும் பயன்பட்டது, 2011-12 குளிர்காலத்தில் கொடுத்த 'மூர் குளிர்கால மாரத்தான்' என்ற பட்டியல். ஐம்பது பொருள்கள், சில வெறுங்கண்ணுக்கு, சில பைனாகுலருக்கு, சில தொலைநோக்கிக்கு. பார்த்தவற்றை டிக் அடித்துக்கொண்டே போகலாம். நான் அதை அச்சிட்டுச் சமையலறைக் கதவில் ஒட்டினேன். இங்கிலாந்தின் குளிர்கால மேகங்களுக்கிடையே மார்ச் முடிவதற்குள் முப்பத்தொன்று தேறியது. அந்த ஐந்து மாதங்களில் கற்றுக்கொண்ட அளவுக்கு அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் நான் கற்கவில்லை. பட்டியல் கையில் இருந்தால், மேகம் விலகிய இருபது நிமிடம்கூட வீணாவதில்லை.

மூர் போன பிறகு நிகழ்ச்சியின் கதியே கேள்விக்குறியாகி, 2013இல் அதை நிறுத்திவிடக்கூடாது என்று ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் மனுவில் கையெழுத்திட்டார்கள். அது பிபிசி ஃபோருக்கு மாற்றப்பட்டு, அரை மணி நேர நிகழ்ச்சியாகத் தொடர்ந்தது. அதை நடத்தும் கிறிஸ் லின்டாட்டும், 2014 முதல் அவருடன் சேர்ந்த மேகி அடெரின்-போகாக்கும் தேர்ந்த அறிவியலாளர்கள். கேட்கிறவரை மதித்துப் பேசுகிறவர்கள். அவர்களிடம் எனக்குக் குறை ஏதுமில்லை. குறை, அரை மணி நேரம் பங்கு பிரிக்கப்படும் விதத்தில்தான். விண்கலம் கட்டும் கூடங்கள், ஆய்வகங்கள், மலையுச்சி ஆய்வு நிலையங்கள் என்று பெரும்பகுதி போய்விட, பீட் லாரன்ஸ் வந்து அந்த மாத வானத்தைக் காட்டுவதற்குச் சில நிமிடங்களே மிஞ்சுகின்றன. அந்தச் சில நிமிடங்களுக்காகத்தான் நான் அந்த நிகழ்ச்சியைப் பார்க்கிறேன் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இங்குள்ள வானியல் சங்கத்தில் இதைச் சொன்னால் மூத்த உறுப்பினர்கள் சிரிப்பார்கள். அவர்களுடைய புகார் நேர் எதிரானது: நிகழ்ச்சி நீர்த்துப் போய்விட்டது, எங்களுக்குத் தெரியாத எதையும் சொல்வதில்லை என்பார்கள். முப்பது ஆண்டுகளாக வியாழனை வரைந்துகொண்டிருப்பவருக்குத் தெரியாததைத் தொலைக்காட்சி ஏன் சொல்ல வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. அவருக்கு 1890இல் தொடங்கிய பிரிட்டிஷ் வானியல் கழகம் இருக்கிறது, அதன் இதழ் இருக்கிறது, ஒத்த ஆர்வமுள்ள நண்பர்கள் இருக்கிறார்கள். புதியவருக்குத் தொலைக்காட்சிதான் பல நேரங்களில் முதல் வாசல். அந்தச் சங்கத்திலேயே ஒரு பெரியவர்தான், மங்கலான பொருளை நேராகப் பார்க்காதே, சற்றுத் தள்ளிப் பார்வையை வைத்து ஓரக்கண்ணால் பார் என்று என் மகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். மங்கிய ஒளியை உணரும் செல்கள் விழித்திரையின் நடுவில் இல்லாமல் அதைச் சுற்றித்தான் நிறைந்திருக்கின்றன. சொன்னபடி பார்த்தவள், "ஐயோ, பெருசாகுது!" என்று கத்தினாள். அதே சாம்பல் மங்கல்தான். அன்று முதல் அவளுக்கு அது 'இவ்வளவுதானா' என்று தோன்றவில்லை.

பிபிசியே 2011 ஜனவரியில் தொடங்கிய 'ஸ்டார்கேஸிங் லைவ்' வேறு வகை. ஜாட்ரெல் பேங்க் ரேடியோ தொலைநோக்கியின் அடியில் பிரையன் காக்ஸும் டாரா ஓ பிரையனும் அடுத்தடுத்த இரவுகளில் நேரலையாக நடத்தினார்கள். ஓயாத கலகலப்பு எனக்குக் கொஞ்சம் சலிப்பூட்டியது உண்மை. ஆனால் சமர்செட்டில் டல்வர்ட்டன் என்ற சிற்றூரே நிகழ்ச்சிக்காக விளக்குகளை அணைத்ததைக் காட்டியபோது, தெருவிளக்கு எதைத் திருடுகிறது என்று எத்தனை கட்டுரை படித்தாலும் புரியாதது ஒரே காட்சியில் புரிந்தது. 2017இல் அதே நிகழ்ச்சியின் ஆஸ்திரேலியப் பதிப்பு, கெப்ளர் விண்தொலைநோக்கியின் தரவுகளைப் பார்வையாளர்களிடமே கொடுத்து அலசச் சொன்னது. கே2-138 என்ற விண்மீனைச் சுற்றும் கோள்கள் அப்படித்தான் அகப்பட்டன.

அமெரிக்காவில் இந்தப் பிரச்சினையை ஐந்தே நிமிடத்தில் தீர்த்தவர் ஒருவர் இருந்தார். மயாமி கோளரங்கத்தைச் சேர்ந்த ஜாக் ஹார்க்ஹைமர், 1976 முதல் 2010இல் இறக்கும் வரை, வாரந்தோறும் ஐந்து நிமிட நிகழ்ச்சி ஒன்றைப் பொதுத் தொலைக்காட்சி நிலையங்களுக்கு வழங்கினார். அதிலேயே ஒரு நிமிடச் சுருக்கமும் உண்டு. வெறுங்கண்ணுக்குத் தெரிவதை மட்டும்தான் பேசுவார்: வியாழக்கிழமை இருட்டியதும் மேற்கே பாருங்கள், பிறைக்குப் பக்கத்தில் வெள்ளி நிற்கும் என்பது போல. பல நிலையங்கள் அதை இரவு ஒளிபரப்பை முடிக்கும் நேரத்தில் போடும். பழைய பகுதிகளை இப்போது பார்த்தால் பின்னணிப் படங்கள் சிரிப்பை வரவழைக்கின்றன; ஆனால் நாள், நேரம், திசை மூன்றையும் விடாமல் சொன்ன அந்த ஒழுங்கை, கோடிக்கணக்கில் செலவழித்து எடுக்கும் தொடர்களில் நான் கண்டதில்லை.

அதற்காகப் பெரிய தொடர்களை நான் பழிக்கவில்லை. கார்ல் சேகனின் 'காஸ்மோஸ்' 1980இல் வந்த பதின்மூன்று பகுதித் தொடர். அதன் பத்தாம் பகுதியில் நம் ஊர்ப் பொங்கலும் நடராசர் செப்புத் திருமேனியும் வருவதைப் பார்த்துப் பூரித்தவர்களில் நானும் ஒருவன். அது என்னை வானத்தின் மேல் ஆசைகொள்ள வைத்தது. அந்த ஆசையோடு ஒரு கடையில் போய், பெட்டியின் மேல் '525 மடங்கு பெரிதாகக் காட்டும்' என்று அச்சிட்டிருந்த தொலைநோக்கியை வாங்கிவந்தேன். முகப்பு வில்லையின் விட்டத்தில் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் இரண்டு மடங்கு என்பதே உருப்பெருக்கத்துக்கு ஏறக்குறைய வரம்பு. என்னுடையது அறுபது மில்லிமீட்டர்; நூற்றிருபதைத் தாண்டினால் எல்லாம் கலங்கிய குழம்புதான். முக்காலியோ மூச்சுக் காற்றுக்கே ஆடியது. அந்தக் காசுக்கு பத்து மடங்கு பெரிதாக்கும், ஐம்பது மில்லிமீட்டர் வில்லையுள்ள ஒரு 10x50 பைனாகுலர் வாங்கியிருந்தால் வியாழனின் நான்கு நிலவுகளை முதல் இரவிலேயே பார்த்திருப்பேன். ஆசையைக் கிளப்பும் தொடர்கள், கடைக்குப் போகும் முன் இந்த இரண்டு வாக்கியங்களைச் சொல்லிவிட்டால் எத்தனை தொலைநோக்கிகள் பரணில் தூசி படியாமல் தப்பும்!

மாதம் ஒருமுறை வரும் பதிவு செய்த நிகழ்ச்சியிடம் எல்லாவற்றையும் எதிர்பார்க்க முடியாது என்பதும் தெரியும். 2024 மே 10 இரவு இங்கிலாந்து முழுவதும் துருவ ஒளி தெரிந்தபோது எங்களை எழுப்பியது சங்கத்தின் வாட்ஸப் குழு. மகள் இரவு உடையோடு தெருவுக்கு ஓடி, இளஞ்சிவப்பாக இருந்த வானத்தைப் பார்த்து நின்றாள். ஆனால் கைபேசியால் சொல்லிக்கொடுக்க முடியாத ஒன்று உண்டு. கையை நீட்டி விரல்களை முஷ்டியாக மடக்கினால் வானத்தில் அதன் அகலம் பத்துப் பாகை என்று ஒரு மனிதர் குளிரில் நின்று செய்து காட்டும்போது, பார்க்கிற குழந்தை அங்கேயே கையை நீட்டுகிறது. செயலியைத் திறந்தாலோ, இருபது முப்பது நிமிடம் இருட்டில் பழகிய கண் ஒரே வெளிச்சத்தில் கெட்டுவிடுகிறது.

நம் ஊர்த் தொலைக்காட்சியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2019 டிசம்பர் 26 காலை வளையச் சூரிய கிரகணத்தின் பாதை திண்டுக்கல் வழியாகச் சென்றது. இங்கே விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து அம்மாவை வீடியோவில் அழைத்தேன். அவர் கதவு சன்னல்களை மூடிவிட்டு டீவி பார்த்துக்கொண்டிருந்தார். "வெளிய வரக்கூடாதுன்னு இதுல சொல்றாங்கப்பா" என்றார். எந்த ராசிக்காரர் என்ன பரிகாரம் செய்ய வேண்டும் என்று ஒருவர் விளக்கிக்கொண்டிருக்க, திரையின் ஓரத்தில் சூரியன் வளையமாகத் தெரிந்தது. அதே வளையம் அவர் கூரைக்கு மேலேயும் நின்றது. சூரியனை நேராகப் பார்க்கவே வேண்டாம். வாசல் வேப்பமரத்து இலைகளின் இடுக்குகள் ஊசித்துளைகளாகி, கீழே தரையில் நூற்றுக்கணக்கான வளையங்களை விழச்செய்யும், குனிந்து பாருங்கள் என்று யாராவது பத்து வினாடி சொல்லியிருந்தால் போதும். நான் சொல்லி முடித்து, அம்மா தயங்கித் தயங்கித் தாழ்ப்பாளைத் திறப்பதற்குள் அந்த மூன்று நிமிடம் முடிந்துவிட்டது.

இன்னொன்றும் இருக்கிறது. பிரிட்டிஷ் நிகழ்ச்சிகளை இப்போது தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இணையத்தில் பலர் பார்க்கிறார்கள். அந்த நிகழ்ச்சிகளின் 'இந்த மாத வானம்' அவர்களுடைய வானம் இல்லை. துருவ நட்சத்திரம் லெஸ்டரில் ஐம்பத்திரண்டு பாகை உயரத்தில் நிற்கிறது. திண்டுக்கல்லில் பத்துப் பாகை, மொட்டைமாடியில் நின்று தேடினாலும் தென்னை மறைக்கும். கேட்டை நட்சத்திரம் நேர் மாறாக, அங்கே ஐம்பத்துமூன்று பாகை வரை ஏறுகிறது, இங்கே பதினொன்றோடு சரி. நம் ஊர்க் கூரைக்கு மேலே உள்ளதை நம் ஊரிலிருந்து, கார்த்திகை, ரோகிணி, சித்திரை என்று ஏற்கெனவே வாயில் இருக்கும் பெயர்களால், வாரம் ஐந்து நிமிடம் தமிழில் சொல்ல ஒரு தொலைக்காட்சி முன்வந்தால், ஜாதகக் கட்டத்துக்குள் மட்டும் அறிந்த நட்சத்திரங்களைப் பலர் முதன்முறையாக வானத்தில் பார்ப்பார்கள்.

சென்ற ஜூனில், தெற்குத் தொடுவானம் திறந்திருந்தால் கேட்டையைத் தேடிப் பாருங்கள் என்று 'தி ஸ்கை அட் நைட்' நிகழ்ச்சியில் சொன்னார்கள். நானும் மகளும் ஊருக்கு வெளியே ஒரு வயல் ஓரத்தில் காரை நிறுத்தி, நள்ளிரவை ஒட்டி, வேலிக்கு மேலே நடுங்கிக்கொண்டிருந்த ஒரு செம்புள்ளியைக் கண்டுபிடித்து ஒருவரையொருவர் தட்டிக்கொடுத்துக்கொண்டோம். கேட்டை இருக்கும் தேள் கூட்டத்தின் கொடுக்கு இந்த ஊரில் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மேலே வருவதே இல்லை. மறுநாள் மாலை நான்கு மணிக்கு, இங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போது, அம்மாவை அழைத்து மாடிக்குப் போய்த் தென்கிழக்கே பார்க்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

"கேட்டைதானே? இந்தா, கொடுக்கு வரைக்கும் முழுசாத் தெரியுது" என்றார். "ஏம்ப்பா, இதைப் பார்க்கவா ராத்திரி கார் எடுத்துக்கிட்டுப் போனீங்க?"