எம்.எஸ்சி. அக்ரி சேருமுன் பண்ணையைப் போய்ப் பாருங்கள்

தனியார் பல்கலையில் எம்.எஸ்சி. அக்ரி சேரலாமா என்று வருடா வருடம் அட்மிஷன் சமயத்தில் இன்பாக்ஸில் யாராவது கேட்டுவிடுகிறார்கள். நானும் ஒரு நிகர்நிலைப் பல்கலையில் உழவியல் படித்தவன்தான், 'தனியார் என்றாலே காசுக்குப் பட்டம்' என்று பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. ஆனால் கேட்கிறவர்கள் எல்லாரும் ஃபீஸ், ஹாஸ்டல், பிளேஸ்மென்ட் என்றுதான் கேட்கிறார்கள். பண்ணை எத்தனை ஏக்கர், சித்திரையில் கிணற்றில் தண்ணீர் கிடக்குமா என்று ஒருத்தர்கூடக் கேட்டதில்லை.

பாடம் எங்கே படித்தாலும் ஏறக்குறைய ஒன்றுதான், ஐசிஏஆர், அதாவது இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம், வகுத்த சிலபஸ். வித்தியாசம் தெரிவது தீசிஸில். நெல்லில் களை மேலாண்மை என்று தலைப்பு எடுத்தால் பத்து ட்ரீட்மென்ட், அதாவது களையைக் கட்டுப்படுத்தப் பத்து வழி, ஒவ்வொன்றையும் மூன்று இடத்தில் திரும்பச் செய்ய மூன்று ரெப்ளிகேஷன், ஆக முப்பது பாத்தி. கால் சதுர மீட்டர் சட்டத்தைப் போட்டு அதற்குள் இருக்கும் களையைப் புல், கோரை, அகன்ற இலை என்று பிரித்து எண்ணி, பிடுங்கி, ஓவனில் காயவைத்து எடை போட வேண்டும். எங்களுக்கு ஓவன் ஒன்றுதான், அதற்குப் பூச்சியியல்காரர்களோடும் மண்ணியல்காரர்களோடும் சண்டை. அதுகூடப் பரவாயில்லை. பண்ணையின் ஒரு மூலையில் கட்டடம் கட்டியபோது தோண்டிய மண்ணைக் கொட்டி நிரவியிருந்தார்கள், என் மூன்றாவது ரெப்ளிகேஷனில் பாதி அதில்தான் விழுந்தது. அங்கே பயிர் சோடையானதற்குக் களைக்கொல்லி காரணமா, அந்த மண் காரணமா என்று யார் சொல்வது? கைடு நல்ல மனுஷர், அடுத்த பருவத்தில் வேறு வயல் பிடித்துக் கொடுத்தார், ஆனால் அதற்கான செமஸ்டர் ஃபீஸை அப்பாதானே கட்டினார்.

அப்புறம் இந்த அங்கீகார விஷயம். கோவை வேளாண் பல்கலையின் இணைப்புக் கல்லூரி வேறு, தன் பெயரிலேயே பட்டம் கொடுக்கும் தனியார் பல்கலை வேறு, இதைப் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். தனியார் பல்கலை என்றால் ஐசிஏஆர் அங்கீகாரம் இருக்கிறதா, இளநிலைக்கு மட்டுமா முதுநிலைக்கும் சேர்த்தா, எந்த வருடம் வரை என்று கடிதத்தையே வாங்கிப் பாருங்கள். 'அப்ளை பண்ணியிருக்கோம், வந்துடும்' என்றால் இன்னும் வரவில்லை என்றுதான் அர்த்தம். பிஎச்.டி. விண்ணப்பத்தில் இந்தக் கேள்வி வந்து நிற்கும்.

இன்னொன்று, டிஎன்பிஎஸ்சி வேளாண்மை அலுவலர் வேலைக்கும் வங்கியில் ஏஎஃப்ஓ என்கிற வேளாண் கள அலுவலர் வேலைக்கும் பி.எஸ்சி. அக்ரியே போதும். அதுதான் குறி என்றால் எம்.எஸ்சி.க்குக் கடன் வாங்காதீர்கள். உதவிப் பேராசிரியர் வேலைக்கான நெட் தேர்வு எழுத வேண்டும், கேவிகே என்கிற வேளாண் அறிவியல் நிலையத்தில் பாட வல்லுநராக வேண்டும், ஆராய்ச்சிக்குப் போக வேண்டும் என்றால் சரி, படியுங்கள்.

கேம்பஸ் பார்க்கப் போனால் ஆடிட்டோரியத்தையும் ஏசி லைப்ரரியையும் காட்டி அனுப்பிவிடப் பார்ப்பார்கள். பண்ணையைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். அங்கே நாற்று நடுகிற அக்காக்களிடம் போன வருடம் எந்த வயலில் தண்ணீர் தேங்கியது, மயிலும் எலியும் எந்தப் பக்கம் வரும் என்று கேளுங்கள், ஆபீஸில் யாருக்கும் தெரியாததெல்லாம் அவர்களுக்குத் தெரியும். தீசிஸ் முடித்த சீனியர் யாராவது கிடைத்தால் டேட்டாவை எந்த வயலில் எடுத்தார் என்றும் கேட்டுவிடுங்கள்.