புரோட்டான் மெயிலுக்கு மாறிய கூடலூர் நண்பர்களுக்கு

கூடலூர், மசினகுடி, கோத்தகிரி பக்கம் நில உரிமைக்கும் வன உரிமைக்கும் மனு எழுதுகிறவர்களில் பலர் இப்போது, கடிதத்தைப் பூட்டி அனுப்பும் சுவிஸ் மெயில் சேவையான புரோட்டான் மெயில் வைத்திருக்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் "இனி அரசாங்கம் நம்ம மெயிலைப் பார்க்கவே முடியாது" என்பது பாதிதான் உண்மை. மீதிப் பாதி தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து. அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

இரண்டு பேருமே புரோட்டானில் இருந்தால், எழுதியது உங்கள் கருவியிலேயே பூட்டப்பட்டு, பெறுபவரின் கருவியில்தான் திறக்கும். நிறுவனத்திடம் ஆணையோடு போனாலும் பூட்டிய பெட்டிதான் கிடைக்கும். 1991-ல் ஃபில் சிம்மர்மன் மெயிலைப் பூட்டும் பிஜிபி மென்பொருளை வெளியிட்டபோது இருந்த அடிப்படைதான் இன்றும். இந்தப் பூட்டை உடைக்க யாரும் மெனக்கெடுவதில்லை. சுற்றி வருவார்கள்.

எளிதான வழி, மறுமுனை. நீங்கள் புரோட்டானிலிருந்து ஜிமெயிலுக்கு அனுப்பினால் ஒரு திறந்த நகல் கூகுளிடம் உட்கார்ந்திருக்கும். ஜிமெயிலில் இருக்கும் 'கான்ஃபிடென்ஷியல் மோடு' இதற்கு மருந்தல்ல, அதையும் கூகுளால் படிக்க முடியும். ஜிமெயில்காரருக்கு அனுப்பியே ஆகவேண்டும் என்றால் புரோட்டானில் பாஸ்வேர்டு போட்டு அனுப்பும் வசதி இருக்கிறது. அந்த பாஸ்வேர்டை இன்னொரு மெயிலில் அனுப்பாதீர்கள், போனில் சொல்லுங்கள்.

அடுத்தது உறை. யார், யாருக்கு, எத்தனை மணிக்கு என்பது குறியாக்கத்துக்குள், அதாவது அந்தப் பூட்டுக்குள், வராது. புரோட்டானில் தலைப்பு வரியும் வராது. ஆகவே தலைப்பில் "செக்‌ஷன் 17 நிலம், வெள்ளிக்கிழமை கூட்டம்" என்று எழுதாதீர்கள், "வணக்கம்" போதும். 2021-ல் சுவிஸ் அதிகாரிகளின் ஆணைப்படி ஒரு பிரெஞ்சு சூழலியல் ஆர்வலரின் ஐபி முகவரியை (எந்த இணைய இணைப்பிலிருந்து வந்தார் என்று காட்டும் எண்) புரோட்டான் கொடுக்க வேண்டியிருந்தது. 2024-ல் ஒரு கத்தலான் ஆர்வலர் மாட்டியது, கணக்கை மீட்க அவர் கொடுத்திருந்த இன்னொரு மெயில் முகவரியால். இரண்டிலும் கடிதங்கள் திறக்கப்படவில்லை. திறக்கத் தேவையே இருக்கவில்லை.

மலையில் இது இன்னும் கனமான விஷயம். பெருநகரத்தில் ஒரு ஐபி முகவரிக்குப் பின்னால் ஒரு கூட்டமே இருக்கலாம். இங்கே ஒரு ஊருக்கே சில இணைப்புகள்தான், யாருக்கு யார் பழக்கம் என்பதும் ஊருக்கே தெரியும். உறை மட்டும் கிடைத்தாலே உள்ளே என்ன என்று ஊகித்துவிடலாம். பிரவுசிங் சென்டர் போனாலும் தப்பிக்க முடியாது. 2011 விதிகளின்படி அடையாள அட்டை வாங்கி, பதிவேட்டை ஓராண்டு வைத்திருக்க வேண்டும். தபாலும் அப்படித்தான்: அஞ்சலகச் சட்டம் 2023, பிரிவு 9, தபாலை இடைமறிக்க இடம் கொடுக்கிறது.

மூன்றாவது, கருவி. பீமா கோரேகான் வழக்கில் கைதான ஆர்வலர் ரோனா வில்சனின் லேப்டாப்பை ஆராய்ந்த அமெரிக்கத் தடயவியல் நிறுவனம் அர்செனல் கன்சல்டிங், 22 மாதங்கள் நெட்வயர் என்ற தீநிரல் அதற்குள் இருந்ததாகவும், அதன் வழியாக ஆவணங்கள் வைக்கப்பட்டதாகவும் 2021-ல் அறிக்கை தந்தது. கருவியே போய்விட்டால் எந்தக் குறியாக்கமும் நிற்காது. தெரிந்தவர் பெயரில் வந்தாலும் இணைப்பைத் திறக்கும் முன் போன் போட்டுக் கேளுங்கள். போன் திரையில் மெயில் முன்னோட்டம் காட்டுவதை அணைத்துவிடுங்கள்.

சட்டமும் தெரிந்திருக்கட்டும். மின் தகவலை இடைமறிக்கவும் பூட்டைத் திறக்க வைக்கவும் இடம் கொடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டம் பிரிவு 69, அதன் 2009 விதிகள்: ஆணையில் கையெழுத்திடுவது மத்திய அல்லது மாநில உள்துறைச் செயலர், ஒரு முறைக்கு 60 நாள், நீட்டித்தால் மொத்தம் 180 நாள். மறு ஆய்வுக் குழுவிலும் அதிகாரிகளே. பூட்டைத் திறக்க உதவ மறுத்தால் 7 ஆண்டு வரை சிறை, அது உங்களுக்கும் பொருந்தும். 2017 ஆகஸ்ட் 24 அன்று 9 நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சொன்ன பிறகும், ஒட்டுக்கேட்கும் ஆணைக்கு ஒரு நீதிபதியின் கையெழுத்து தேவையில்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அதனால்தான் அரைப் பாதுகாப்பாக இருந்தாலும் இந்தக் கருவிகளை விடாதீர்கள் என்கிறேன்.

புரோட்டானில் மீட்பு மெயில், போன் எண் இரண்டையும் நீக்கிவிட்டு, 12 சொல் மீட்புத் தொடரைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். அது இல்லாமல் பாஸ்வேர்டை ரீசெட் செய்தால் பழைய மெயில்கள் பூட்டியே கிடக்கும்.

ஒரே நிறுவனத்தை நம்பவும் வேண்டாம். 2025 ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் புரோட்டானை முடக்க நடவடிக்கை எடுக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. தண்டர்பேர்டு மென்பொருளில் எந்த மெயில் முகவரியிலும் ஓப்பன்பிஜிபி (பிஜிபியின் பொது வடிவம்) வேலை செய்யும்: கணக்கு அமைப்புகள், எண்ட்-டு-எண்ட் என்கிரிப்ஷன், 'கீ' சேர். பிறர் உங்களுக்குப் பூட்டி அனுப்பப் பொதுச் சாவி, நீங்கள் மட்டும் திறக்கத் தனிச் சாவி. தானாக 3 ஆண்டு காலாவதி வைக்கும், அப்படியே விடுங்கள். பிரைமரி பாஸ்வேர்டு கட்டாயம் வையுங்கள். இல்லையென்றால் லேப்டாப்பை எடுத்தவர் கையில் சாவியும் போய்விடும். தனிச் சாவியை ஒரு பென்டிரைவில் நகலெடுத்து வேறு வீட்டில் வையுங்கள். பந்தலூர், தேவாலா மழைக்காலத்து ஈரத்தில் லேப்டாப் போனால் அந்த நகல்தான் கதி. மெயிலை எச்டிஎம்எல் வடிவமைப்பு இல்லாமல் வெறும் எழுத்தாகவே பாருங்கள். 2018 மே மாதம் வெளியான 'ஈஃபெயில்' ஓட்டை அந்த வழியாகத்தான் திறந்த எழுத்தை வெளியே கசியவிட்டது.

பிஜிபியில் ஒரு பெரிய குறை உண்டு. இன்று உங்கள் தனிச் சாவி பிடிபட்டால், அந்தச் சாவிக்கு வந்த பழைய மெயில் எல்லாமே திறக்கும். சிக்னல் என்ற செய்திச் செயலியில் சாவி மாறிக்கொண்டே இருப்பதால் இந்தச் சிக்கல் குறைவு. 2016-ல் அமெரிக்க நீதிமன்ற ஆணைக்குச் சிக்னலால் கொடுக்க முடிந்தது கணக்கு தொடங்கிய நேரமும் கடைசியாக இணைந்த நாளும் மட்டும்தான். அவசரப் பேச்சுக்குச் சிக்னல், தானாக அழியும் நேரம் 1 வாரம். ஆவணத்துக்கு மெயில். தேவை முடிந்த மெயிலை இரு முனையிலும் அழித்துவிடுங்கள்.

சாவி மாற்றிக்கொள்ளும்போது பெரும்பாலானோர் விட்டுவிடுவது சாவியின் 'கைரேகை'யை, அதாவது அதன் 40 எழுத்து அடையாளத்தை, சோதிப்பது. மெயிலில் வந்த பொதுச் சாவி உண்மையில் அவருடையதுதானா என்று மெயிலால் சொல்ல முடியாது. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு ஊட்டி ஆட்சியர் அலுவலகம் வரும்போது இருவரும் உட்கார்ந்து, நான்கு நான்காக, 40 எழுத்தையும் வாய்விட்டுப் படித்து ஒப்பிடுங்கள். இரண்டு நிமிடம் ஆகும்.