பிரிக்காத உறைகள்

"நம்பிக்கையை மட்டும் விட்டுடாதே" என்று யாராவது சொன்னால் எனக்கு ஆற்றாமைதான் வரும். பாசத்தில்தான் சொல்கிறார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் கையில் இருந்தால்தானே விடாமல் பிடித்துக்கொள்ள முடியும்?

வேலை போன பிறகு எட்டு மாதம் நான் அப்படித்தான் இருந்தேன். வருகிற கடிதங்களைப் பிரிக்காமலே மேசை இழுப்பறைக்குள் தள்ளினேன். வங்கி, காப்பீடு, இன்னும் எங்கெங்கிருந்தோ. ஒரு கட்டத்தில் இழுப்பறையை மூட முடியவில்லை. ஒரு உறையின் முனை மடங்கி வெளியே துருத்திக்கொண்டு நின்றது. அது கண்ணில் படக்கூடாதென்று அந்த அறைக்குப் போவதையே நிறுத்திவிட்டேன்.

ஒருநாள் அக்கா வந்தாள். இழுப்பறையைப் பார்த்தாள். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கத்தரிக்கோலை என் கையில் கொடுத்தாள். "ஒன்னே ஒன்னு பிரி. படிக்கக்கூட வேண்டாம்."

பிரித்தேன். எப்போதோ கட்டி முடித்த தவணையின் ரசீது. அடுத்தது அப்படியில்லை, கெடு தாண்டிய பாக்கி. வயிற்றைப் பிசைந்தது. ஆனால் எவ்வளவு என்று தெரிந்துவிட்டது. அதுவரை அந்தத் தொகைக்கு அளவே இல்லாமல் இருந்தது.

ஏன் இப்படி முடங்கிப்போகிறோம் என்று பிறகு உளவியலில் தேடிப் படித்தேன். 1967இல் அமெரிக்க உளவியலாளர்கள் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மையரும் நாய்களை வைத்துச் செய்த சோதனை பிரபலமானது. தப்பவே முடியாத மின் அதிர்ச்சியை அனுபவித்த நாய்களில் பெரும்பாலானவை, பிறகு தாழ்வான தடுப்பைத் தாண்டினால் தப்பலாம் என்ற நிலையிலும் அப்படியே படுத்துக் கிடந்தன. கொடுமையான சோதனைதான், எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. ஆனால் அதன் தொடர்ச்சி முக்கியம். அந்த நாய்களை மீட்டது எது தெரியுமா? கயிற்றைக் கட்டித் தடுப்புக்கு அந்தப் பக்கம் திரும்பத் திரும்ப இழுத்துப் போனதுதான். கால் தாண்டிப் பழகிய பிறகுதான் அவை தாமாகத் தாண்டின.

எதுவும் செய்து பயனில்லை என்று அந்த நாய்கள் கற்றுக்கொண்டதாகத்தான் முதலில் விளக்கினார்கள். 2016இல் அதே இருவரும் அந்தப் பழைய விளக்கத்தைத் தலைகீழாக மாற்றிக்கொண்டார்கள். துன்பம் நீண்டால் முடங்கிப்போவது நாம் கற்றுக்கொண்டது இல்லையாம், உயிரின் இயல்பே அதுவாம். "என்னால் ஏதோ செய்ய முடியும்" என்பதைத்தான் மூளை கற்றுக்கொள்கிறது. இதைப் படித்த அன்று அழுதேன். எட்டு மாதம் என்னை நானே கோழை என்று திட்டிக்கொண்டிருந்தேனே!

ஒரு பழக்கத்தை இருபத்தொரு நாள் விடாமல் செய்தால் வாழ்க்கையே மாறும் என்று சொல்வார்களே, அதையும் நம்பாதீர்கள். லண்டனில் 96 பேரை வைத்து நடந்து 2010இல் வெளியான ஆய்வில், ஒரு சிறு பழக்கம் படிய சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வித்தியாசம். நடுவில் ஒருநாள் தவறியதால் பெரிய பாதிப்பும் இல்லை. நானும் நிறைய நாள் தவறினேன்.

எழுந்திருக்கவே முடியாத அளவுக்கு மனம் சோர்ந்தவர்களுக்கு மருத்துவர் வேண்டும், அதைத் தள்ளிப்போடக் கூடாது. மற்றபடி நம்பிக்கை வரட்டும், பிறகு எழுகிறேன் என்று காத்திருந்த நாளெல்லாம் எனக்கு வீணாகத்தான் போனது.

அன்று கிளம்பும்போதும் அக்கா அறிவுரை எதுவும் சொல்லவில்லை. "நாளைக்கு ஒன்னு" என்றாள். கத்தரிக்கோலை எடுத்து உள்ளே வைக்காமல் மேசைமேலேயே விட்டுப் போனாள்.