பைத்தான் 3.14-இல் ஜிஐஎல் போய்விட்டதா? பாதிதான் சரி

“3.14-க்கு மாறினாலே போதும், ஜிஐஎல் கிடையாது, த்ரெட் எல்லாம் எல்லாக் கோரிலும் ஓடும்” என்று சிலர் எழுதுகிறார்கள். அப்படி இல்லை. (ஜிஐஎல் என்பது ஒரு ப்ராசஸில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு த்ரெட்டை மட்டும் பைத்தான் கோடை ஓட்ட விடும் பூட்டு.) 2025 அக்டோபரில் வந்த 3.14-இல் ஃப்ரீ-த்ரெடட், அதாவது ஜிஐஎல் இல்லாத, பில்டுக்கு அதிகாரபூர்வ ஆதரவு கிடைத்தது, அவ்வளவுதான். வழக்கமாக இன்ஸ்டால் ஆவது ஜிஐஎல் உள்ள வழக்கமான 3.14 பில்டுதான். மற்றது தனி பைனரி, பெயரின் கடைசியில் ‘டி’ சேர்ந்து 3.14டி என்று வரும். அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

வாங்கியும் ஏமாறலாம். ஜிஐஎல் இல்லாமல் ஓடத் தயார் என்று அறிவிக்காத ஒரு சி எக்ஸ்டென்ஷனை (சி மொழியில் எழுதிய மாட்யூலை) இம்போர்ட் செய்தால், அந்த ப்ராசஸ் முழுவதற்கும் ஜிஐஎல் திரும்ப வந்துவிடும். ஒரு ரன்டைம் வார்னிங் மட்டும் வரும், லாக் பதிவுக் கூட்டத்தில் அதை யார் பார்க்கிறார்கள்! எல்லா இம்போர்ட்டும் முடிந்த பிறகு சிஸ் மாட்யூலில் ஜிஐஎல் நிலையைச் சொல்லும் ஃபங்ஷனைக் கூப்பிட்டுப் பாருங்கள். ‘ஃபால்ஸ்’ வந்தால்தான் நிஜம். பைத்தான்_ஜிஐஎல் என்ற என்விரான்மென்ட் மாறியை 0 ஆக்கி வலுக்கட்டாயமாக அணைத்தால் அந்த எக்ஸ்டென்ஷனே க்ராஷ் ஆகலாம்.

ஒற்றை த்ரெட் வேலை ஃப்ரீ-த்ரெடட் பில்டில் சுமார் 5–10% மெதுவாகும். நெட்வொர்க் பதிலுக்குக் காத்திருக்கும் வேலை என்றால் மாறவே வேண்டாம். அங்கே ஜிஐஎல் ஏற்கெனவே விடுவிக்கப்பட்டுத்தான் இருக்கிறது.