ஆல்பத்தை வெட்டிப் போட்டுவிட்டு ஆல்பத்தைத் திட்டாதீர்கள்

சனிக்கிழமை ஒரு நண்பர் போட்ட ப்ளேலிஸ்ட் பதிவையும் அதற்குக் கீழே நடந்த வாக்குவாதத்தையும் பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஐந்து இண்டி பாப் (சிறு லேபிள்களில் வளர்ந்த, மெட்டுள்ள கிடார் இசை) ஆல்பங்களிலிருந்து தலா இரண்டு பாட்டை உருவி, வரிசையைக் கலைக்கும் ஷஃபிளில் போட்டு, க்ராஸ்ஃபேடை (ஒரு பாட்டு முடியும் முன்பே அடுத்ததை அதன் மேல் கலக்கும் வசதி) 12 நொடிக்கு ஏற்றி வைத்துக் கேட்டுவிட்டு, "ஆல்வேஸோட ப்ளூ ரெவ் வெறும் இரைச்சல்" என்று முடித்துவிட்டார் நண்பர். அவருக்கு அந்தப் பாட்டுகள் பிடிக்காமல் போகலாம், அது அவர் உரிமை. ஆனால் கேட்காத ஆல்பத்துக்கு மார்க் போடக் கூடாது.

2022 அக்டோபரில் வந்த ஆல்பம் அது. ஆல்வேஸ் கனடாக் குழு. பாடகி மாலி ரேங்கின் வீட்டில் டெமோக்கள் (மாதிரிப் பதிவுகள்) இருந்த ரெக்கார்டர் திருடு போனது, அடுத்து பேஸ்மென்டில் வெள்ளம் புகுந்து கருவிகள் நாசமாகப் பார்த்தன. இத்தனைக்கும் பிறகு ஸ்டுடியோவில் இரண்டாம் நாள், முழு ஆல்பத்தையும் முதலிலிருந்து கடைசிவரை இரண்டு முறை வாசித்தார்கள். பாட்டுக்குப் பாட்டு 15 நொடி இடைவெளி, முழுச் சுற்று முடிந்ததும் அரை மணி நேர ஓய்வு, மறுபடியும் முதலிலிருந்து. ஒரே மூச்சில் வாசித்ததை நாம் துண்டு போட்டுக் கேட்டுவிட்டு ஒட்டவில்லை என்கிறோம்.

நண்பர் எடுத்ததில் ஒன்று "பெலிண்டா சேய்ஸ்". அது ஆல்பத்தில் 11-ஆவது பாட்டு. 9-ஆவதான "டைல் பை டைல்" நிதானமாக, மனசைக் கனக்க வைத்துப் போகும். 10-ஆவது "பொமரேனியன் ஸ்பின்ஸ்டர்" தலைதெறிக்க ஓடும், மாலி ஏறக்குறைய கத்துவார். அந்தப் படபடப்பு அடங்கும் முன்னே பெலிண்டாவின் கிடார் விரியும், கடைசியில் சுருதி ஒரு படி மேலே ஏறும். அந்த ஏற்றம் நெஞ்சில் இறங்குவது முன்னால் வந்த இரண்டு பாட்டால்தான். தனியாக எடுத்துப் போட்டால் சத்தமான கிடார் பாட்டு ஒன்று, அவ்வளவுதான்.

க்ராஸ்ஃபேட் கணக்கைப் பாருங்கள். 14 பாட்டு, 40 நிமிடம்கூட இல்லை. ஒரு பாட்டு சராசரியாக 165 நொடி என்று வையுங்கள். முன்னால் 12, பின்னால் 12 என்று 24 நொடி இன்னொரு பாட்டின் மேல் ஏறிக் கிடக்கிறது. ஏழில் ஒரு பங்கு! பிறகு இரைச்சல் இல்லாமல் என்ன வரும்?

வால்யூம் விஷயம் பலருக்குத் தெரியாது. ஸ்பாட்டிஃபையில் ஆல்பத்தை வரிசையாகப் போட்டால் மொத்த ஆல்பத்துக்கும் சேர்த்து ஒரே அளவில் ஒலியைச் சரிசெய்யும். மெதுவான பாட்டு மெதுவாகவே இருக்கும். ப்ளேலிஸ்டிலோ ஷஃபிளிலோ ஒவ்வொரு பாட்டையும் தனித்தனியாக -14 எல்யூஎஃப்எஸ் (பாட்டு எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதன் அளவு) பக்கம் இழுக்கும். ஸ்காட்லாந்துக் குழு பெல் அண்ட் செபாஸ்டியனின் "இஃப் யூ ஆர் ஃபீலிங் சினிஸ்டர்" (1996) ஆல்பத்தின் எல்பி இசைத்தட்டில் முதல் பக்கம் "தி ஃபாக்ஸ் இன் தி ஸ்னோ"வோடு முடியும். பியானோவை ஒட்டி முணுமுணுக்கிற பாட்டு. அதைத் தூக்கி மற்ற பாட்டுகளின் சத்தத்துக்குக் கொண்டுவந்தால் முணுமுணுப்பு எங்கே இருக்கும்?

அதனால் செட்டிங்ஸில் ப்ளேபேக் போய் க்ராஸ்ஃபேடை அணையுங்கள், கேப்லெஸை (பாட்டுகளுக்கு நடுவே கூடுதல் இடைவெளி விடாத வசதி) ஆன் செய்யுங்கள், ஷஃபிள் பச்சையாக இருந்தால் தட்டிவிடுங்கள். தரம் ஆட்டோவில் இருந்தால் சிக்னல் குறையும்போது பிட்ரேட்டும் (நொடிக்கு வரும் ஒலித் தரவின் அளவு) இறங்கும். டிஸ்டார்ஷன் ஏற்றிய கரகர கிடார்தான் முதலில் கூழாகும், குரல் அதற்குள் முங்கிப் போகும். பிட்ரேட்டை 320-இல் வைத்து ஹெட்போனில் கேட்டுவிட்டு, குரல் புதைந்து கிடக்கிறதா என்று பிறகு சொல்லுங்கள். இலவசக் கணக்கில் வரிசையாகக் கேட்க முடியவில்லையா? பேண்ட்கேம்பில் (இசைக்குழுக்கள் தங்கள் பாட்டை நேரடியாக விற்கும் தளம்) இருக்கும் ஆல்பம் என்றால் முதல் பாட்டை அழுத்துங்கள், வரிசையாகவே ஓடும்.

"நல்ல பாட்டுன்னா தனியாவும் நிக்கணும்" என்பீர்கள். நிற்கிற பாட்டுகள் இருக்கின்றன. இதே ஆல்வேஸின் "ஆர்ச்சி, மேரி மீ" எங்கே போட்டாலும் நிற்கும், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் மார்க் போட்டது பாட்டுக்கு இல்லை, ஆல்பத்துக்கு. "இண்டி பாப்பே 1986-இல் பிரிட்டிஷ் இசைப் பத்திரிகை என்எம்ஈ விட்ட சி86 கேசட்டில் வந்ததுதானே, அதுவும் கலவைதானே" என்று ஒருவர் கேட்டிருந்தார். கலவைதான், 22 இசைக்குழுக்கள். ஆனால் கேசட்டை ஷஃபிள் செய்ய முடியாது ஐயா. கோர்த்தவர் போட்ட வரிசையில்தான் கேட்டாக வேண்டும். நேரம் இல்லை என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. அந்தப் ப்ளேலிஸ்டே முக்கால் மணி நேரம் ஓடுகிறது.

உண்மையில் எனக்கு வலிப்பது அந்தக் கடைசி கமென்ட். "இதெல்லாம் மழைக்கும் காபிக்கும் பின்னாடி ஓடுற மியூசிக், இதுக்குப் போய் இவ்ளோவா?" கிளாஸ்கோவில் ஒரு கல்லூரியின் இசைத்தொழில் வகுப்பு நடத்திய லேபிளில், 1996-இல் "டைகர்மில்க்"கை ஆயிரம் எல்பி மட்டும் அச்சடித்துத் தொடங்கியவர்கள் பெல் அண்ட் செபாஸ்டியன். "சினிஸ்டர்" பதிவின் ஒலி அவர்களுக்கே திருப்தி தரவில்லை. அதற்காக 2005-இல் லண்டன் பார்பிக்கன் மேடையில் அந்த ஆல்பத்தை முழுவதுமாகத் திரும்ப வாசித்து வெளியிட்டார்கள். ஒன்பது வருடம் கழித்து! இப்படி உழைத்தவர்களையா காபிக்குப் பின்னால் ஓடுகிறவர்கள் என்கிறீர்கள்? மெல்லப் பாடினால் கனம் இல்லை என்று யார் சொன்னது?

நண்பரே, உங்கள் பதிவை எடுக்கச் சொல்லவில்லை. இன்று இரவு ப்ளூ ரெவ்வை முதல் பாட்டு "ஃபார்மசிஸ்ட்"டில் தொடங்கி கடைசிப் பாட்டு "ஃபோர்த் ஃபிகர்" வரை இறங்காமல் கேளுங்கள். அப்போதும் இரைச்சல்தான் என்றால் அதையே எழுதுங்கள், வந்து படிக்கிறேன்.